முட்டி வலியும் மாத்திரைப் பையும்

முதல் முறை வருகிறவர்களிடம் போனிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். ஓடுகிற ஷூவை எடுத்து வாருங்கள். கூடவே, வலிக்கென்று வாயில் போடுகிற அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். டாக்டர் எழுதித் தந்தது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, கூட ஓடுகிறவர் சொன்னது, அமெரிக்காவிலிருந்து மகள் வரும்போது கொண்டுவந்தது, எதையும் விட வேண்டாம். ஷூவின் அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைவிட அந்தப் பை எனக்கு அதிகம் சொல்லும். அவர் எத்தனை நாளாக வலியோடு இருக்கிறார், எவ்வளவு பயந்திருக்கிறார், யார் பேச்சை நம்புகிறார் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

நான் பிசியோதெரபிஸ்ட். தென்சென்னையில் பல ஆண்டுகளாக ஓட்டக்காரர்களின் முழங்காலையும் இடுப்பு மூட்டையும் பார்த்து வருகிறேன். பெசன்ட் நகர் கடற்கரை, அடையாறு, திருவான்மியூர், ஈ.சி.ஆர். என்று விடியும் முன்பே ஓடத் தொடங்கிவிடும் கூட்டம் இங்கே பெரிது. ஜனவரியில் மாரத்தான். அதற்கான பயிற்சி ஆகஸ்டில் சூடு பிடிக்கும். வாராவாரம் தூரம் கூடும். அக்டோபர் வாக்கில் என் அறை வாசலில் ஆட்களும் கூடுவார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருவதற்கு முன்பே ஏதோ ஒரு மூட்டு மாத்திரையை ஆரம்பித்திருப்பார்கள்.

பையைக் கொட்டினால் மேசை நிறைந்துவிடும். குளுக்கோசமின் 1500 மில்லிகிராம், காண்ட்ராய்டின் 1200 மில்லிகிராம், எம்.எஸ்.எம்., டப்பா டப்பாவாகக் கொலாஜன் பொடி, ‘டைப் 2 கொலாஜன்’ 40 மில்லிகிராம் கேப்சூல், சல்லகிப் பிசின், குர்குமின், ரோஸ்ஹிப், மீன் எண்ணெய், கால்சியம், வைட்டமின் டி சாஷே. ஒரே ஆளிடம் ஆறேழு வகை இருப்பதும் உண்டு. மாதச் செலவு ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் கொடுத்து அவரையே படிக்கச் சொல்வேன். பெயருக்கு அருகில் ‘ஹெல்த் சப்ளிமெண்ட்’ என்றோ ‘நியூட்ராசூட்டிக்கல்’ என்றோ இருக்கும். இன்னொரு மூலையில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-ல் கொண்டுவந்த விதிகளின்படி அப்படி அச்சிட்டாக வேண்டும். சட்டத்தின் கணக்கில் அது உணவு வகை. ஒரு மருந்து கடைக்கு வரும் முன் கடக்க வேண்டிய சோதனைகளை அது கடந்து வரவில்லை. இதைப் படித்ததும் பலர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மருந்துக் கடை அலமாரியிலிருந்து, மருந்து மாதிரியே பத்துப் பத்தாக அட்டையில் வந்ததை, சில சமயம் டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்ததை, உணவென்று அவர்கள் எப்படி நினைத்திருக்க முடியும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

பிறகு பையை ஓரமாக நகர்த்திவிட்டு, “எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால காட்டுங்க” என்பேன். என் தொழிலில் பாதி வேலை அந்த விரலில்தான் இருக்கிறது. சிலருக்கு ஒரு விரல் போதாது. முட்டிச் சில்லைச் சுற்றி உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள். படி இறங்கும்போது வலிக்கும், சினிமா தியேட்டரில் இரண்டரை மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும் என்பார்கள். அது முட்டிச் சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்தில் சுமை தாங்காமல் வரும் வலி. ‘ரன்னர்ஸ் நீ’ என்று ஓட்டக்காரர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் முழங்காலின் வெளிப்பக்கத்தில் சரியாக ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டுவார்கள். தினமும் ஏறக்குறைய அதே தூரத்தில் ஆரம்பிக்கும், நின்றால் நின்றுவிடும். அது ஐ.டி. பேண்ட் எனப்படும் பட்டையின் வலி. வண்டிகளுக்குப் பயந்து எப்போதும் சாலையின் ஒரே ஓரத்தில் ஓடுகிறவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரம் சரிவாகப் போடப்பட்டிருக்கும். ஒரு கால் எப்போதும் தாழ்வான பக்கத்திலேயே விழுந்துகொண்டிருக்கும்.

இடுப்பு என்று வந்தால் விரல் இன்னும் முக்கியம். நாரிப் பக்கம் காட்டினால் முதுகைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் துருத்தும் எலும்பின் மேல் காட்டி, ‘அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல’ என்றால் பிட்டத் தசையின் தசைநாண்தான் பெரும்பாலும் காரணம். விரல் தொடை இடுக்குக்குப் போனால் நான் நிமிர்ந்து உட்காருவேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வலிகளில் பலவற்றுக்கும் குருத்தெலும்புக்கும் நேரடித் தொடர்பு குறைவு. குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது, இரத்தக் குழாயும் கிடையாது. தானாக வலிக்க அதனால் முடியாது. மூட்டை மூடியிருக்கும் சவ்வு, குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு, முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திட்டு, தசைநாண்கள், இவைதான் வலியைச் சொல்பவை. குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டு நீரிலிருந்து வருகிறது. மூட்டில் அழுத்தம் விழும்போது அதிலிருந்து நீர் வெளியேறும். அழுத்தம் விலகும்போது புதிய நீர் உள்ளே போகும். நடையும் ஓட்டமும் அதற்கு ஊட்டம் தருபவை. குளுக்கோசமினும் காண்ட்ராய்டினும் அந்தக் குருத்தெலும்பின் கட்டுமானப் பொருள்களோடு சம்பந்தப்பட்டவை என்பது உண்மை. அவற்றை வாய்வழியாகச் சாப்பிட்டால் தேய்ந்த இடத்தில் போய்ச் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் என்ற எண்ணம்தான் இந்த வியாபாரத்தைத் தாங்கி நிற்கிறது. 1997-ல் அமெரிக்காவில் ஜேசன் தியோடசாக்கிஸ் என்ற மருத்துவர் எழுதிய ‘தி ஆர்த்ரைட்டிஸ் க்யூர்’ என்ற புத்தகம் லட்சக்கணக்கானவர்களிடம் இந்த எண்ணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அதை நேர்மையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது. அமெரிக்க அரசின் பணத்தில் நடந்தது. ‘கெயிட்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 1583 பேரை ஐந்து பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் குளுக்கோசமின், ஒன்றுக்குக் காண்ட்ராய்டின், ஒன்றுக்கு இரண்டும் சேர்த்து, ஒன்றுக்கு செலகாக்ஸிப் என்ற வலி மாத்திரை, கடைசிப் பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 24 வாரம். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். குளுக்கோசமினில் 64 சதவீதம். இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 66.6. செலகாக்ஸிப்பில் 70.1. இதுவரை கேட்கிறவர்கள், “பாத்தீங்களா மேடம், வேலை செய்யுதே!” என்பார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1 சதவீதம் என்று சொன்னதும் அமைதியாகிவிடுவார்கள். மருந்தில்லாத மாத்திரையிலேயே பத்தில் ஆறு பேருக்கு வலி குறைந்திருக்கிறது. அதற்கும் குளுக்கோசமினுக்கும் இருந்த இடைவெளி, மருந்தின் பலன் என்று சொல்லத் தக்க அளவுக்குத் தேறவில்லை. வலி மிதமானது முதல் கடுமையானது வரை இருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் இரட்டை மாத்திரை குறிப்பிடத்தக்க அளவு உதவியதாகத் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை ஒருமனதாக உறுதிப்படுத்தவில்லை.

எதிர்ப் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2001-ல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில், மூன்று ஆண்டுகள் குளுக்கோசமின் சல்ஃபேட் சாப்பிட்டவர்களுக்கு மூட்டு இடைவெளி குறைவது நின்றது என்று கண்டார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு அது. ஐரோப்பாவில் ஒரு சாரார் இன்றும் அந்த வகையைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் நெதர்லாந்தில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ள 222 பேருக்கு அதே சல்ஃபேட்டை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் இல்லை. அமெரிக்க முடக்குவாதக் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், முழங்காலுக்கும் இடுப்புக்கும் குளுக்கோசமின் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் மூட்டுத் தேய்மானம் உறுதியான, நடுவயதைத் தாண்டியவர்கள். கெயிட் ஆய்வில் சராசரி வயது 59-ஐ ஒட்டியிருந்தது. என் மேசையில் குளுக்கோசமின் அட்டையைக் கொட்டுகிறவருக்கு 28 வயது. ஒரே மாதத்தில் வார தூரத்தை 20 கிலோமீட்டரிலிருந்து 45-க்கு உயர்த்தியவர். அவர் முழங்காலில் தேய்மானமே இல்லை. யாருக்கோ செய்த ஆய்வில், அவர்களுக்கே தெளிவாகப் பலிக்காத ஒன்றை, அந்த நோயே இல்லாத இவர் ஏன் விழுங்க வேண்டும்?

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வந்தார். அறுபதைக் கடந்தவர், பத்து கிலோமீட்டர் பிரிவில் ஓடுகிறவர். தேய்மானம் உண்மையிலேயே இருந்தது. முதல் நாளே சொல்லிவிட்டார்: “மேடம், இந்த மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரமே வலி பாதியாயிடுச்சு. நீங்க எது வேணா சொல்லுங்க, இதை மட்டும் விடச் சொல்லாதீங்க.” நான் விடச் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில் வேறு என்ன மாறியது என்று கேட்டேன். இரண்டு வாரம் ஓடவே இல்லையாம். சைக்கிள் மிதித்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். பேத்தி சொல்லித் தந்தபடி சுவரில் சாய்ந்து உட்காரும் பயிற்சியும் செய்திருக்கிறார். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மாத்திரையைத் தொடங்குவார்கள். உச்சத்துக்குப் போன வலி தானாகவும் இறங்கும். ஓய்வு, எடை, பயிற்சி, காலம் எல்லாம் சேர்ந்து செய்த வேலைக்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. அதைத்தான் அவரிடம் மெதுவாகச் சொன்னேன். மூன்று மாதம் தினமும் வலியைப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், பயிற்சியை விடாதீர்கள், மூன்றாம் மாத முடிவில் மாத்திரையை மட்டும் நிறுத்திப் பாருங்கள் என்றேன். கணக்கு எழுதிப் பழகிய மனிதர், ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதினார். நிறுத்திச் சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். “ஒரு வித்தியாசமும் தெரியல மேடம்.” நிறுத்தியதும் வலி கூடுகிறது என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். வேறு தொந்தரவு இல்லை, பணமும் பிரச்சினை இல்லை என்றால் அவர்களைத் தொடரச் சொல்லியிருக்கிறேன். வலியைச் சுமக்கிறவர் அவர். அவர் நோட்டு சொல்வதை நான் மதிக்க வேண்டும்.

மாத்திரைக்குப் பின்னால் இருப்பது பயம். ‘ஓடினா மூட்டு தேஞ்சிடும்’ என்று வீட்டில் சொல்கிறார்கள், அலுவலகத்தில் சொல்கிறார்கள், சில சமயம் மருத்துவர்களே சொல்கிறார்கள். 2017-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுத் தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே தீவிரமாக ஓடுகிறவர்களில் அது 13.3. நம் கடற்கரை ஓட்டக்காரர்களில் மிகப் பலர் முதல் வகை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் பயத்தைக் கூட்டும். வலியோ அடிபட்ட வரலாறோ இல்லாத, 40 வயதைத் தாண்டியவர்களின் முழங்காலை எம்.ஆர்.ஐ. எடுத்தாலே 19 முதல் 43 சதவீதம் பேரிடம் தேய்மானத்தின் அடையாளம் தெரிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரிப்போர்ட்டில் ‘தேய்மானம்’ என்ற சொல்லைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் வருகிறவர்களிடம் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்வேன். அதைக் கேட்டதும் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்.

சைவக் குடும்பத்தினரிடம் ஒன்றைச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று நினைக்கிறேன். சந்தையில் உள்ள குளுக்கோசமினில் பெரும்பகுதி இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. சோளத்தைப் புளிக்கவைத்து எடுப்பதும் உண்டு. காண்ட்ராய்டின் மாடு, பன்றி, சுறாவின் குருத்தெலும்பிலிருந்து. கொலாஜன் மாட்டுத் தோல், மீன் செதில், கோழி நெஞ்செலும்பிலிருந்து. தாவரத்தில் கொலாஜன் கிடையாது. ‘வீகன் கொலாஜன்’ என்று விற்பதில் வைட்டமின் சி-யும் அமினோ அமிலங்களும்தான் இருக்கும். பெட்டியில் பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா என்று பார்த்து வாங்குங்கள். மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி இது தெரிந்ததும் கண் கலங்கிவிட்டார். விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மஞ்சளைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. சமையல் மஞ்சளில் குர்குமின் சார்ந்த பொருள்கள் மூன்று முதல் ஐந்து சதவீதம் அளவில்தான் இருக்கும். குடலில் அது சேர்வதும் மிகக் குறைவு. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், மிளகிலுள்ள பைப்பரினைக் குர்குமினோடு சேர்த்துக் கொடுத்தால் உடலில் சேரும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு வந்த குர்குமின் கேப்சூல்கள் பலவற்றில் மிளகுச் சத்தும் இருக்கும். மூட்டுத் தேய்மான வலியில் குர்குமின் கொஞ்சம் உதவுவதாகச் சிறு ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. அந்த வகையில் குளுக்கோசமினைவிட இதன் மேல் எனக்கு மரியாதை கூடுதல். ஆனால் இருபது மடங்கு உள்ளே போகும் பொருளை, பாலில் போடும் சிட்டிகை மஞ்சளைப் போல எண்ணக்கூடாது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இத்தகைய கேப்சூல்களால் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சாப்பிடத் தொடங்கிய பின் பசி போய், சோர்வு வந்து, சிறுநீர் கருமஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பிரண்டைத் துவையல், முடக்கத்தான் தோசை, ஆட்டுக்கால் சூப் பற்றியும் கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள் என்பேன். நல்ல சாப்பாடு. வலிக்கான சிகிச்சையாக அதைக் கணக்கில் வைக்காதீர்கள் என்றும் சொல்வேன்.

இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் குளுக்கோசமினைத் தொடவே கூடாது என்பது என் கண்டிப்பு. இரத்தம் உறையாத தன்மை கூடி இரத்தக்கசிவு வரலாம். ‘ரெண்டே நாளில் வலி போகும்’ என்று பெயரில்லாத பொட்டலத்திலோ வெளிநாட்டு டப்பாவிலோ வருபவற்றிடமும் அதே கண்டிப்பு. 2022-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., குளுக்கோசமின் சப்ளிமெண்ட் என்று விற்கப்பட்ட ‘ஆர்ட்ரி கிங்’ என்ற மாத்திரையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் லேபிளில் சொல்லப்படாமல் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து எச்சரித்தது. கல்லீரல் பாதிப்பும் மரணமும்கூட அதற்குப் பதிவாகியிருந்தன. மூட்டுச் சத்து மாத்திரை எதுவும் இரண்டு நாளில் வலியை அகற்றாது. அகற்றினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தருபவர்கள் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதோடு கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் எல்லாம் உண்டு. திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். காலையில் தார் ரோட்டில் ஓட்டம், மாலையில் தாண்டுதல், ராத்திரி கல்யாண மண்டபத்தில் பரிமாறும் வேலை. முட்டிச் சில்லுக்குக் கீழே, தசைநாணின் மேல் விரலை வைத்துக் காட்டினான். பையில் ஒரு கொலாஜன் டப்பா. “இதக் குடிச்சா முட்டி ஸ்ட்ராங் ஆயிடும்னு கூடப் படிக்கிற பசங்க சொன்னாங்கக்கா” என்றான். மண்டபத்தில் கிடைத்த பல நாள் கூலி அந்த டப்பாவில் இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். டீயும் பன்னும்.

கொலாஜனை விழுங்கினால் அது குடலில் மற்றப் புரதங்களைப் போலவே துண்டு துண்டாகித்தான் இரத்தத்தில் சேரும். கலிபோர்னியாவில் கீத் பார் என்பவரின் குழு, கயிறு தாண்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைட்டமின் சி சேர்த்த ஜெலட்டின் 15 கிராம் கொடுத்தபோது, உடலில் கொலாஜன் உருவாவதைக் காட்டும் இரத்த அளவு இரட்டித்ததாக 2017-ல் வெளியிட்டது. சுவாரசியமான ஆய்வுதான். ஆனால் எட்டு ஆண்கள் மட்டுமே கலந்துகொண்டது. பார்த்தது இரத்தத்தை, வலியை அல்ல. அந்தத் தம்பியிடம் டப்பா முடிந்ததும் இன்னொன்று வாங்க வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் தினமும் இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மாலையில் சுண்டல். தாண்டும் பயிற்சியைச் சில வாரம் நிறுத்தி, முழங்காலைப் பாதி மடக்கிச் சுவரில் சாய்ந்து 45 விநாடி அசையாமல் நிற்பது, பிறகு முதுகில் எடை சுமந்து மிக மெதுவாக உட்கார்ந்து எழுவது. எடைக்கு அவன் வீட்டிலிருந்த அரிசி மூட்டையே போதுமானதாக இருந்தது. தசைநாணுக்குத் தேவை மெதுவாக ஏறும் சுமை. பன்னிரண்டு வாரமாவது பிடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பையன்கள் பொறுமையாகச் செய்கிறார்கள்.

மற்றவர்களுக்கும் நான் கொடுப்பது இதே வழியில்தான் போகும். தூரத்தைக் குறை, முழுசாக நிறுத்தாதே. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கும் பயிற்சி, ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கும் பயிற்சி, படியிலிருந்து ஒரு காலால் மெல்ல இறங்கும் பயிற்சி. நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டி அடியைக் குட்டையாக்கினால் முழங்கால் மேல் விழும் சுமை குறையும். போனில் தாளம் போட்டுக்கொண்டே பழகலாம். எடை கூடுதலாக இருக்கும் தேய்மானக்காரர்களுக்கு, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது. இடுப்புப் பக்கவாட்டு வலிக்கு, ஸ்டீராய்டு ஊசியைவிட, எப்படி நிற்பது, உட்காருவது என்று சொல்லித் தந்து பயிற்சியும் கொடுப்பது நல்ல பலன் தந்ததாக 2018-ல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று வந்தது. வைட்டமின் டி-யை மட்டும் இரத்தத்தில் பார்த்துவிடச் சொல்வேன். வெயில் ஊரிலேயே குறைபாடு மிகவும் சாதாரணம். ஆனால் 60,000 யூனிட் சாஷே வாரத்துக்கு ஒன்று, மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மட்டும். தினமும் ஒன்று சாப்பிட்டு இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களைப் பற்றித் தொழில் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இனி, தொடை இடுக்கு. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளம்பெண். முதல் முழு மாரத்தானுக்குப் பயிற்சி. எடையையும் குறைத்துக்கொண்டிருந்தார். பையில் கொலாஜன், கால்சியம், சல்லகி. ஒரு மாதமாகக் கவட்டையில் வலி. முதலில் ஓடி முடித்த பிறகு, பிறகு ஓடும்போதே, இப்போது நடக்கும்போதும். எக்ஸ்ரே எடுத்திருக்கிறார், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தைரியத்தில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஓடியிருக்கிறார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். சில மாதமாக இல்லை என்றார். நிறைய ஓடினால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருக்கிறார்.

நான் அவரைக் குதிக்கச் சொல்லவில்லை, பயிற்சி எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஊன்றுகோலைக் கையில் கொடுத்து, எலும்பு மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசி, அன்றே அனுப்பினேன். “மேடம், ரெஜிஸ்டர் பண்ணிட்டேன். ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கே” என்று அழுதார். எம்.ஆர்.ஐ.யில் தொடை எலும்பின் கழுத்தில் அழுத்த விரிசல் தெரிந்தது. நல்லவேளையாகக் கீழ்ப்பக்கத்தில். மேல்பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் ஸ்குரூ போட்டாக வேண்டும். கவனிக்காமல் விட்டு எலும்பு நகர்ந்தால், அதன் தலைப்பகுதிக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்று, இளம் வயதிலேயே மூட்டு மாற்றும் நிலை வரலாம். இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். காரணம், செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாதது. மாதவிலக்கு நிற்பது உடல் தரும் முதல் எச்சரிக்கை. அவருக்குத் தேவைப்பட்டது சோறு, பருப்பு, முட்டை, தூக்கம், காலுக்கு ஓய்வு. பல வாரம் ஊன்றுகோலோடு நடந்தார். அடுத்த ஆண்டு அரை மாரத்தான் ஓடினார், நன்றாகச் சாப்பிட்டு, மாதவிலக்கு சீராகி.

அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் எதுவும் விஷமில்லை. அவை செய்த கெடுதல், ‘ஏதோ ஒன்று செய்துகொண்டுதானே இருக்கிறேன்’ என்ற நிம்மதியை அந்த ஒரு மாதமும் கொடுத்ததுதான்.

ஓட்டக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும், மைதானங்களில் பையன்களையும் பெண்களையும் பயிற்றுவிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலிக்கிறது என்று யாராவது சொன்னால் மாத்திரைப் பெயரைச் சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். விரல் தொடை இடுக்கைக் காட்டினால், காலை ஊன்றும்போது வலி கூடுகிறது என்றால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.